மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரிடம் போவது?

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் பெங்களூரில் நமக்கு மூன்று வழி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைப் படிப்பது) செருகி நாமே போனில் பார்க்கலாம். ஸ்கேனர் வைத்திருக்கும் ஏரியா மெக்கானிக்கிடம் விடலாம். இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ். கோளாறுக்கான கோட் நம்பர் என்னவென்று மூன்றுமே சொல்லிவிடும். அதற்கு அப்புறம் நடப்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும்.

பி0171 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அளவுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் நிறைய. அந்த சென்சார் பாவம், பெரும்பாலும் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

கைக்கருவியின் பலம் இங்கேதான். எஞ்சின் சூடானதும் ஃபியூல் ட்ரிம்மை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிவிடுகிறது என்பதை, பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) 18 சதவீதம் காட்டி, 2500 ஆர்பிஎம்மில் 4க்கு இறங்கினால் எங்கோ குழாய் வெடிப்பில் காற்று புகுகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது. வேகம் கூடினால் அந்தப் பங்கு சுருங்கிவிடும். வேகம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் ஃபில்டர், பம்ப், அழுக்கடைந்த மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) பக்கம் போங்கள். மாஃப் இல்லாமல், காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டியில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. அங்கே ஐடில் வேகம் ஏறுவதைத்தான் கவனிக்க வேண்டும். இன்னொன்று: நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேப் 91 கிலோபாஸ்கல் பக்கம் காட்டுவது சரியான அளவு. சென்னைக்காரர் வீடியோவில் 101 வருகிறதே என்று நல்ல சென்சாரைக் கழற்றிவிடாதீர்கள்.

கைக்கருவியால் முடியாததும் உண்டு. இங்கே ஓபிடி கட்டாயமானதே பிஎஸ்-4 புகை விதிகளோடு, 2010இல் முதல் கட்டம், 2013இல் இரண்டாம் கட்டம். அதற்கு முந்தைய வண்டிகளில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் உள்ளே கம்பெனியின் சொந்த பாஷை ஓடலாம். மலிவு கருவி கனெக்ட் ஆகாமல் நிற்கும். ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளும் பெரும்பாலும் அதற்கு எட்டாது.

அந்த இடத்தில் சிவாஜி நகரிலோ அல்சூரிலோ நமக்குத் தெரிந்த மெக்கானிக்தான் என் தேர்வு. பல கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்தும் ஸ்கேனர் ஒரு காரணம். கை அதைவிடப் பெரிய காரணம். பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் புகையைத் திரும்ப இழுக்கும் ரப்பர் குழாய்) வெடிப்பு பெரும்பாலும் கிளாம்ப் கடிக்கும் விளிம்புக்கு அடிப்பக்கம் ஒளிந்திருக்கும். விரலால் வளைத்தால்தான் வாய் திறக்கும். அதை எந்த ஸ்கேனரும் காட்டாது. போனதும் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, கோட் நம்பரை அழிச்சிடாதீங்க, முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேம் பாருங்க.” கோளாறு வந்த நொடியில் வேகம், சூடு, ஆர்பிஎம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். கோட் நம்பரை அழித்தால் அதுவும் போய்விடும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலே போச்சு.

கம்பெனி சர்வீஸ் எனக்கு இம்மொபிலைசர் சாவி (திருட்டைத் தடுக்கும் சிப் உள்ள சாவி), இசியூ எனும் எஞ்சின் கம்ப்யூட்டரின் ப்ரோகிராமிங் போன்றவற்றுக்கு மட்டும். ஒரு ரப்பர் குழாய்க்காக அந்த பில் தேவையில்லை.

விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் மிஸ்ஃபயர் ஆகும்போது, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். கோட் பி0301 (முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) என்றால், சிலிண்டருக்குத் தனித்தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போடச் சொல்லுங்கள். அடுத்து பி0302 (இரண்டாம் சிலிண்டர்) வந்தால் காயில்தான் போயிருக்கிறது, ஜே.சி. ரோட்டில் அதை மட்டும் வாங்கினால் போதும்.