கீரைச்சாற்றுக்கு வாங்கிய ஊதா டார்ச்

கள்ள நோட்டு பார்க்க என்று சொல்லித்தான் இந்த 395 நேனோமீட்டர் அலைநீள ஊதா டார்ச்சை விற்கிறார்கள். நான் வாங்கியது கீரைச்சாற்றுக்காக. பிளஸ் ஒன் தாவரவியல் எடுக்கிறேன். பச்சையம் ஒளியை உறிஞ்சும் வரைபடத்தைப் பதினான்கு வருடமாகப் பலகையில் வரைந்துவருகிறேன். உறிஞ்சியதை அது திருப்பித் தருவதைக் கண்ணால் பார்த்தது இந்த வருடம்தான்.

9 எல்இடி, மூன்று ஏஏஏ பேட்டரி, 260 ரூபாய். விலை கூடின 365 நேனோமீட்டர் டார்ச்தான் நல்லது என்று பலர் சொன்னார்கள். பச்சையத்துக்கு அது தேவையில்லை. பச்சையத்தின் முக்கிய வகையான ‘பச்சையம் அ’ (குளோரோபில் a) நீலத்தில் 430 நேனோமீட்டரை ஒட்டித்தான் அதிகமாக உறிஞ்சுகிறது. 395 அந்த உச்சத்துக்குப் பக்கம், 365 தள்ளிப் போய்விடுகிறது.

ஒரு கைப்பிடி அரைக்கீரையைக் கிழித்து, மெடிக்கலில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சில் வடிகட்டினோம். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை அடித்தால், சோதனைக் குழாயின் கண்ணாடியை ஒட்டி மட்டும் ஒரு சிவப்புக் கோடு. சாறு கெட்டியாக இருந்துவிட்டது. ஊதா ஒளி உள்ளே போகவில்லை, வெளிவரும் சிவப்பில் ஒரு பங்கையும் பக்கத்து மூலக்கூறுகளே விழுங்கிவிடுகின்றன. நான்கு பங்கு ஸ்பிரிட் சேர்த்தேன். குழாய் முழுக்க ரத்தச் சிவப்பு! வகுப்பே எழுந்து நின்றது.

ஊதாவை உறிஞ்சினாலும் அதில் ஒரு பகுதி வெப்பமாகப் போய், மூலக்கூறு கீழ்க் கிளர்வுநிலைக்கு, அதாவது ஆற்றல் ஏறிய நிலைகளில் தாழ்ந்ததற்கு, இறங்கிய பிறகுதான் ஒளி வருகிறது. அதனால் எப்போதும் சிவப்பு, 670-ஐ ஒட்டி. 1830-களில் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் இலைச்சாற்றில் இதை வெறும் சூரிய ஒளியை வைத்தே பார்த்தார்.

“மிஸ், அப்போ இலை மேல அடிச்சா ஏன் செவக்கல?” என்று கடைசி பெஞ்சுப் பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே டார்ச்சின் காசு தகும். இலைக்குள் பச்சையம் தன் ஆற்றலை ஒளிச்சேர்க்கைக்குக் கைமாற்றிவிடுகிறது. நூறு போட்டானில் (ஒளித்துகளில்) ஒன்றிரண்டுதான் ஒளியாகத் திரும்பும். ஸ்பிரிட்டில் கரைந்தபின் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஈதர் போன்ற கரைப்பானில் நூற்றுக்கு முப்பது வரை ஒளியாகவே வந்துவிடும்.

குறைகளும் உண்டு. டார்ச்சின் ஊதா கண்ணுக்கும் தெரிவதால் சிவப்பை மங்கச் செய்கிறது. பரிசுப் பொட்டலத்தின் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் தெளிவு. மூடியின் ஸ்பிரிங் ஒரே வாரத்தில் தளர்ந்து, அலுமினியத் தாளை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். யார் கண்ணிலும் நேராக அடிக்க விடாதீர்கள். சாற்றை வெயிலில் வைக்காதீர்கள். எங்களுடையது மதியத்துக்குள் பழுப்பாகி, அடுத்த வகுப்புக்குப் புதிதாக ஊறவைக்க வேண்டியதாயிற்று. பேட்டரி கூட வராது, அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.