புதுக்கோட்டை லேடீஸ் ஸ்கூட்டி கிளாஸ்: 40 வயசுக்கு மேல கத்துக்க நினைக்கிறவங்களுக்கு என் ரிவ்யூ

புதுக்கோட்டையில லேடீஸுக்கு லேடீஸே ஸ்கூட்டி சொல்லித்தர்ற கிளாஸ்ல சேந்து முடிச்சிட்டேன், இப்ப தனியா ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வர்றேன். சொல்லித்தர்ற அக்கா போர்டு கூட வைக்கல, ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னுதான் ஆள் வருது, பேரும் நம்பரும் நெட்ல போட வேணாம்னுட்டாங்க. அதனால கிளாஸ் எப்படி நடக்குது, எது நல்லாருக்கு, எது பத்தலன்னு மட்டும் எழுதுறேன். இந்த மாதிரி கிளாஸ் இப்ப பல ஊர்ல நடக்குது, சேர்றதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்னு தெரிஞ்சா உங்க ஊர்லயும் உதவும்.

ஃபீஸ் 3,500 ரூபா. வண்டி அவங்களோடது, பெட்ரோலும் அதுலயே அடக்கம். நம்ம வண்டிய கொண்டுபோனா 500 குறைச்சுக்குறாங்க, ஆனா முதல்ல அவங்க வண்டியிலயே கத்துக்கங்க. ரெண்டு பக்கமும் கம்பி கார்டு போட்டிருக்கு, சாஞ்சாலும் கால் மாட்டாது, அதவிட முக்கியம் வண்டியில கீறல் விழுந்தா வீட்ல என்ன சொல்வாங்களோங்கற நெனப்பு இல்லாம ஓட்டலாம். எங்க பேட்ச்ல பாதிப் பேர் இத்தன வருஷம் வண்டியத் தொடாம இருந்ததுக்கு அந்த நெனப்புதான் காரணம், விழுந்துருவோம்னு யாரும் பெருசா பயப்படல.

முதல் நாள் இன்ஜினே ஸ்டார்ட் பண்ண விடமாட்டாங்க. சென்டர் ஸ்டாண்டு போடு, எடு, திரும்பப் போடு, அப்புறம் வண்டிய கையால தள்ளிக்கிட்டே நடக்கணும், திருப்பணும். எனக்கு முதல்ல எரிச்சலாதான் இருந்துச்சு, ஓட்டக் கத்துக்க வந்தா தள்ள விடுறாங்களேன்னு. ஆனா வண்டியோட வெயிட்டு கைக்குப் பழகிட்டா அப்புறம் அது மேல ஒரு தைரியம் வந்துருது. அடுத்து உக்காந்து ரெண்டு காலையும் தரையில தேச்சுக்கிட்டே மெதுவா ஓட்டச் சொல்வாங்க. அதுக்கப்புறம்தான் காலத் தூக்க விடுறாங்க.

அந்த அக்கா திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், பதறினா வலது கைய லூசாக்கு. நம்மள்ல நிறைய பேர் எங்க அடிபடுறோம்னா, எதிர்ல ஆடு வந்துச்சு நாய் வந்துச்சுன்னா ஹேண்டில்பார இறுக்கிப் பிடிப்போம், பிடிக்கும்போது ஆக்சிலரேட்டரும் சேந்து முறுகிடும், வண்டி நிக்கிறதுக்குப் பதிலா பாயும். இத வாயால சொல்லிட்டு விட்டுடல, நாம ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல நின்னு திடீர்னு கையத் தட்டி "நிறுத்து"ன்னு கத்துவாங்க, நாம ஆக்சிலரேட்டர விட்டுட்டு ரெண்டு பிரேக்கையும் ஒண்ணா பிடிச்சு நிக்கணும். கை தானா விடுற வரைக்கும் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. பிளாட் போட்டு யாரும் வீடு கட்டாம கிடக்கிற இடத்துலதான் இந்தப் பழக்கமெல்லாம். முந்தானைய எப்படி சொருகிக்கணும், துப்பட்டா நுனி பின் வீல் பக்கம் தொங்காம எப்படி முடிச்சுப் போடணும், இதெல்லாம் ஆம்பள மாஸ்டர் யாராவது சொல்லித்தருவாங்களான்னு தெரியல. இங்க ஏறி உக்கார்றதுக்கு முன்னாடியே அத செக் பண்றாங்க.

ஃபோன் பண்ணின உடனே அவங்க கேக்குற முதல் கேள்வி, சைக்கிள் ஓட்டுவீங்களா? ஓட்டுவேன்னா பேலன்ஸ் கிளாஸ் சீக்கிரம் முடிஞ்சிடும். இந்த ஊர்ல அந்தக் கேள்விக்கு ஆமான்னு சொல்ற பொம்பளைங்க அதிகம், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1991, 92ல இங்க அறிவொளி இயக்கம் நடந்தப்ப எழுத்து சொல்லிக்கொடுத்த கையோட பொம்பளைங்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தாங்க. அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். கல்லு உடைக்கப் போனவங்க, வயல் வேலைக்குப் போனவங்க, டீச்சருங்கன்னு ஒரு லட்சம் பேருக்கு மேல கத்துக்கிட்டாங்கன்னு சொல்வாங்க. எங்க சின்னம்மா அதுல ஒருத்தங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிள்லதான் பழகினாங்க, அப்புறம் அதையே விடமாட்டேன்னுட்டாங்க, ஏன்னா முன்னாடி பார்ல புள்ளைய உக்கார வச்சுக்கலாம், பின்னாடி கேரியர்ல தண்ணிக்குடம் வைக்கலாம். தெருவுல நின்னு கிண்டல் பண்ணவங்க இருந்தாங்க, அப்படியும் ஓட்டினாங்க. எங்க பேட்ச்ல ஐம்பது தாண்டின ஒரு அக்கா அப்ப கத்துக்கிட்ட சைக்கிள் பழக்கத்துலயே ரெண்டாவது கிளாஸ்லயே காலத் தூக்கிட்டாங்க, ஸ்கூல்ல இலவச சைக்கிள் வாங்கி ஓட்டின சின்னப் பொண்ணுங்களுக்கும் அதே மாதிரி சுலபமா வந்துச்சு. நடுவுல என் வயசுக்காரங்கதான் கஷ்டப்பட்டோம், படிக்கும்போது ஓட்டிட்டு கல்யாணத்துக்கப்புறம் பின்சீட்டோட நின்னுபோனவங்க நாங்க.

2018ல அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்தப்ப, வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு பாதி விலை இல்லன்னா 25,000 ரூபா மானியம், எது கம்மியோ அதுன்னு சொன்னதும் ஆர்டிஓ ஆபீஸ்கள்ல எல்எல்ஆர், அதாவது பழகுறதுக்கான லைசென்ஸ், போட லேடீஸ் கூட்டம் அலைமோதுச்சு. வயசு வரம்பு 40ன்னு வச்சதால அதுக்கு மேல இருக்கிறவங்களுக்குக் கிடைக்கல. ஆனா அந்த நேரத்துலதான் பல வீட்ல, லைசென்ஸ்னு ஒண்ணு பொம்பளைக்கும் வேணும்ங்கற பேச்சே வந்துச்சு, அதுக்காகவே அந்தத் திட்டத்த நான் மதிக்கிறேன்.

எங்க பேட்ச்ல ஒரு தங்கச்சி, வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. நம்ம மாவட்டத்துல இது எவ்வளவு சகஜம்னு எல்லாருக்கும் தெரியும். போர்டிகோவுல புது ஸ்கூட்டி கவர் போட்டு நிக்குது, பேங்குக்குப் போகணும்னா கொழுந்தனார் எப்ப ஃப்ரீன்னு கேட்டு, அவர் வர்ற நேரத்துக்குக் கிளம்பி நிக்கணும், புள்ளைக்கு ராத்திரி காய்ச்சல்னாலும் அதேதான். பணம் அனுப்புறது அவரு, குடும்பத்த நடத்துறது இவ, ஆனா மூணு கிலோமீட்டர் போக பர்மிஷன் வேணும். கிளாஸ் முடிச்சு லைசென்ஸ் வாங்கினதும் அவ செஞ்ச முதல் வேலை, தானே வண்டி எடுத்துட்டுப் போயி புள்ளைக்குத் தடுப்பூசி போட்டுட்டு வந்தது. யாருகிட்டயும் சொல்லல, வந்துதான் சொன்னா. 3,500 ரூபாய்க்கு என்ன கிடைக்குதுன்னு யாராவது கேட்டா நான் இததான் சொல்வேன்.

இப்ப குறை. கிளாஸ் நேரம் காலைல 6ல இருந்து 7, இல்லன்னா 10.30ல இருந்து 12 வரைக்கும். காலைல அந்த நேரம் வீட்ல அடுப்புகிட்ட நாம இல்லாம முடியாது, பத்தரைக்கு வேலைக்குப் போறவங்க வர முடியாது. எனக்கு என் மக சமையல்ல கை கொடுத்ததால 6 மணி பேட்ச் முடிஞ்சுது, எல்லாருக்கும் அப்படி அமையாது. சாயங்காலம் ஏன் இல்லன்னா அந்த இடத்துல லைட்டு கிடையாது. ஞாயித்துக்கிழமை பேட்ச் வைங்கன்னு நாங்க நாலஞ்சு பேர் கேட்டிருக்கோம், பாக்குறேன்னாங்க.

இன்னொண்ணு, பின்னாடி ஆள் வச்சு ஓட்டுறது சிலபஸ்லயே இல்ல. நாம தனியா ஜாலியா சுத்தவா கத்துக்குறோம்? பின்னாடி மாமியாரோ புள்ளையோ உக்காரும், முன்னாடி ரேஷன் அரிசி மூட்டை இருக்கும். ஆள் ஏறினா பிரேக் பிடிக்கிற தூரமே மாறிடுது, திரும்பும்போது வண்டி வேற மாதிரி சாயுது. எல்எல்ஆர் வச்சுக்கிட்டு சொல்லித்தர்றவங்களத் தவிர வேற யாரையும் ஏத்தக்கூடாதுங்கறது சட்டம், சரிதான், அப்ப அந்த அக்காவே பின்னாடி உக்காந்து ரெண்டு கிளாஸ் எடுக்கலாமே. கூடுதலா காசு கேட்டாலும் கொடுப்போம். மழை ரோட்டுல ஓட்டுறதும் அப்படித்தான், சொல்லித்தரவே இல்ல. மழ வந்தா கிளாஸ் கேன்சல்.

எட்டு போடுறது நல்லா பழக்குறாங்க, டெஸ்ட்ல எங்க பேட்ச்ல யாரும் ஃபெயில் ஆகல. ஆனா லைசென்ஸ் வேலை நாமதான் பாத்துக்கணும், அவங்க அதுல தலையிட மாட்டாங்க. ஆன்லைன்ல எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழிச்சுதான் டெஸ்டுக்குப் போக முடியும், ஆறு மாசத்துக்குள்ள முடிக்கணும். அதனால கிளாஸ் சேர்ற வாரமே எல்எல்ஆர் போட்டுருங்க, அது இல்லாம அவங்க ரோட்டுக்கு விடுறதும் இல்ல. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கினா பின்னாடி கியர் பைக் ஓட்ட முடியாது, இளவயசுப் பொண்ணுங்க அத யோசிச்சுக்கங்க, இந்த கிளாஸ்ல கியர் வண்டி கிடையாது.

வண்டி புதுசா வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை, ஆர்சி, அதாவது வண்டியோட பதிவுச் சான்று, உங்க பேர்ல போடுங்க. ஷோரூம்ல ஃபார்ம் நிரப்பும்போது வீட்டுக்காரர் பேர்தான் முதல்ல கேப்பாங்க, நீங்க உங்க ஆதார எடுத்து நீட்டுங்க. ஹெல்மெட்டும் வண்டியோட கொடுக்கிறத அப்படியே வாங்கிக்காம, கொண்டையோட போட்டுப் பாத்து வாங்குங்க, எனக்கு கொண்டைய இறக்கிப் பின்னல் போட்ட பிறகுதான் சரியா உக்காந்துச்சு.