கடைசித் தவணைக்குப் பிறகு: மலையகத்து லீசிங் கிளைகளும் கார் சேல்களும்

லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற சொந்தக்காரர் லீஸ் முடிந்தது என்று சொன்னால், பெரும்பாலும் வண்டியை ஷோரூமில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாவியை மேசையில் வைத்தார் என்று அர்த்தம். அங்கே ஓடிய கிலோமீற்றருக்கும் கீறலுக்கும்தான் சண்டை. இங்கே கதை வேறு. நம்மூர் லீஸ் முடிந்தால் வண்டி நம்மிடமே நிற்கும். காகிதம்தான் கொழும்பில் நிற்கும். ஆகவே இங்கே மதிப்பிட வேண்டியது மூன்று பேரின் வேலையை: காசு வாங்குகிற லீசிங் கிளை, வண்டியை வாங்கி விற்கிற கார் சேல், இடையில் காகிதத்தோடு ஓடுகிற புரோக்கர்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை ரசீது லீஸை முடிப்பதில்லை. வண்டியின் பதிவுச் சான்றிதழான சி.ஆரை எடுத்துப் பாருங்கள்: பதிவு உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர், அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் கம்பனியின் பெயர். அந்த இரண்டாவது பெயர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவிலிருந்து நீங்கும் வரை, கம்பனியின் சம்மதம் இல்லாமல், வண்டியை முறைப்படி இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. காசு கட்டி முடித்து இரண்டு மூன்று வருடம் கழித்து, விற்கப் போகும்போதுதான் பலர் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் கம்பனி வேறொரு கம்பனியோடு இணைந்திருக்கும், பெயரை மாற்றியிருக்கும், டவுனில் இருந்த கிளையும் மூடியிருக்கும்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, தலவாக்கலை போன்ற டவுன்களின் கிளைகள் உண்மையில் விற்பனைக் கிளைகள். புது லீஸ் போடப் போனால் தேநீர் வரும், அரைநாளில் அப்ரூவல் வரும். முடிக்கப் போனால், 'அது ஹெட் ஒஃபிஸ் வேலை' என்பார்கள். பொய்யில்லை, மூலச் சி.ஆர்., ஸ்பெயார் சாவி, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவங்கள் எல்லாம் பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில்தான் இருக்கும். அதனால் கடைசித் தவணைக்கு ஒரு மாதம் முன்பே செட்டில்மென்ட் ஸ்டேட்மென்டை, அதாவது லீஸை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கை, எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் தொகை செல்லாது. தாளில் ஒப்பந்த இலக்கம், தொகை, அந்தத் தொகை எந்தத் திகதி வரை செல்லும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். திகதி தாண்டினால் கணக்கு மாறிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தத் தாளை வரிவரியாகப் படியுங்கள். மீதித் தவணை, தாமத வட்டி, இன்சூரன்ஸ் நிலுவை, கடிதம் அனுப்பிய செலவு, ஆள் அனுப்பிய செலவு, ஆவணக் கட்டணம் என்று வரும். பிரச்சினை வருவது பெரும்பாலும் தாமத வட்டியில். தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். லீஸ் தவணையோ ஐந்தாம் திகதி. மாதா மாதம் ஐந்து நாள் பிந்துகிறது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கம்பனி பேசாமல் எழுதி வைக்கிறது. 50,787 ரூபாய் தவணைக்கு வருடம் 36 வீதத் தாமத வட்டி என்று வைத்தால் ஐந்து நாளுக்கு ஏறக்குறைய 250 ரூபாய். சில்லறைதான். அறுபது மாதத்துக்குக் கூட்டினால் 15,000. கடைசி நாளில் அது ஒரே வரியாக வந்து நிற்கும்போது 'நான் ஒரு தவணைகூட விடவில்லையே' என்று வாதாடிப் பயனில்லை. லீஸ் போடும் நாளிலேயே தவணைத் திகதியை 15 ஆக்கச் சொல்வதுதான் மருந்து. கேட்டால் செய்து தருகிறார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

ஆள் அனுப்பிய செலவு என்று இருந்தால் எந்தத் திகதியில், யார், எங்கே வந்தார் என்று கேளுங்கள். பதில் இல்லாத செலவு பெரும்பாலும் குறைக்கப்படும். 2020 இல் கோவிட் காலத் தவணை ஒத்திவைப்பை எடுத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த மாதங்கள் இலவசம் அல்ல. ஒத்திவைத்த காலத்து வட்டி எப்படிச் சேர்க்கப்பட்டது, ஒப்பந்தம் எத்தனை மாதம் நீண்டது என்ற விவரம் இல்லாமல் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முன்கூட்டியே முடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 இலட்சம் லீஸ், 60 மாதம், வருட வட்டி 18 வீதம் என்றால் தவணை 50,787 ரூபாய். முதல் 12 மாதத்தில் 6 இலட்சத்து 9 ஆயிரம் கட்டியிருப்பீர்கள். வாங்கிய கடனில், அதாவது முதலில், குறைந்திருப்பது 2 இலட்சத்து 71 ஆயிரம் மட்டும். மற்றதெல்லாம் வட்டி. அதனால்தான் ஒரு வருடத்தில் விற்கப் போகிறவர் செட்டில்மென்ட் தொகையைப் பார்த்து அதிர்ந்து போகிறார். அதே லீஸில் 48 தவணை கட்டி முடித்தவருக்கு மீதி 12 தவணையின் கூட்டுத்தொகை 6 இலட்சத்து 9 ஆயிரம். நிற்கும் முதலோ சுமார் 5 இலட்சத்து 54 ஆயிரம். ஆக இந்தக் கட்டத்தில் மிச்சப்படக்கூடியது 55 ஆயிரம்தான். முன்கூட்டி முடிக்கும் கட்டணத்தை அதிலிருந்து கழித்துப் பாருங்கள். சில ஒப்பந்தங்களில் அந்தக் கட்டணமே மிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். அப்படியானால் அவசரப்பட்டு முடிப்பதில் இலாபம் இல்லை, வண்டிக்கு நல்ல விலை கையில் இருந்தாலொழிய.

காசு கட்டியதும் கிளையிலேயே ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி ஒரு பிரதி வாங்குங்கள். திரும்ப வர வேண்டியவை: மூலச் சி.ஆர்., அப்சலூட் ஓனர் பெயரை நீக்குவதற்கான கம்பனியின் கையொப்பமிட்ட ஆவணங்கள், கணக்கு முடிந்ததற்கான கடிதம், ஸ்பெயார் சாவி, கொடுத்திருந்தால் வெறும் காசோலைகள், கடனுறுதிச் சீட்டு, வெறுமையாகக் கையெழுத்திட்ட கைமாற்றப் படிவங்கள். பிணை நின்ற இருவருக்கும் தனித்தனியே விடுவிப்புக் கடிதம் கேளுங்கள். பிணை நிற்பது மச்சானோ கங்காணியின் மகனோவாக இருக்கும்; உங்கள் கணக்கு கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் மூடப்படாமல் கிடந்தால் அவருடைய அடுத்த கடன் விண்ணப்பத்தில் கேள்வி வரும்.

பெயரை நீக்கும் திணைக்கள வேலையை நீங்களே செய்யலாம். கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள தலைமை அலுவலகத்துக்குப் போகத்தான் வேண்டுமா, மாவட்ட அலுவலகத்தில் முடியுமா என்பதை ஃபோனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஹட்டனில் விடிகாலை பஸ் ஏறிப் போய், ஒரு பிரதி குறைகிறது என்று திரும்பி வருவது ஒரு நாள் சம்பளம் போகிற விஷயம். மலையகத்தில் காகிதம் திரும்பி வர முக்கியமான காரணம் பெயர். அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், சி.ஆரில் இன்னொன்று; ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, மற்றதில் முழுப்பெயர். ஒன்றில் பழைய ஒன்பது இலக்கமும் எழுத்தும் கொண்ட அடையாள அட்டை எண், மற்றதில் புதிய பன்னிரண்டு இலக்க எண். முகவரியில் ஒன்றில் தோட்டத்தின் பெயர், மற்றதில் டிவிஷனின் பெயர். கம்பனிக் கடிதம் உங்கள் கைக்கு வந்த உடனேயே சி.ஆரையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே. பிழை இருந்தால் கிளையிலேயே திருத்தலாம்; கவுண்டரில் தெரிந்தால் மறுபடியும் ஒரு மாதம்.

இனி கார் சேல். கண்டி, கட்டுகஸ்தோட்டை பக்கம் தெரிவு அதிகம். மேலே நுவரெலியா, ஹட்டன் பக்கம் குறைவு, விலையும் அதற்கேற்றபடி. வண்டியைப் பார்த்து விலை சொல்வதில் இவர்கள் கெட்டிக்காரர்கள், அதை மறுக்க முடியாது. மலையில் ஓடிய அல்டோவைப் பார்ப்பவர் முதலில் பெயின்டைப் பார்ப்பதில்லை. பொனட்டைத் திறந்து, மட்கார்ட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலைத் தொட்டு எடுப்பார். பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் வந்தால் சரி. துருநிறத் தண்ணீர் வந்தால், ரம்பொடை ஏற்றத்தில் சூடேறி, வழியில் பீலித் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்று முடிவு செய்து, ஹெட் கேஸ்கட்டுக்கான காசை அங்கேயே கழித்துவிடுவார். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு கிளச்சை விடுவார். எஞ்சின் உடனே நின்றால் கிளச் பிளேட் நல்லது. உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. முன் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தால் தடவி விளிம்பு எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், இறக்கத்தில் பிரேக்கிலேயே வந்த வண்டியில் அது எழுந்திருக்கும். கடைசியாக ஸ்பெயார் டயர் குழி. மூடுபனி ஊரில் துரு தொடங்குவது அங்கேதான்.

இந்தப் பார்வைக்கு முன்னால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? கூலன்ட் மாற்றலாம், பிரேக் பேட் மாற்றலாம். இரண்டும் போட்ட காசுக்குத் தகும். கிளச் பிளேட் கணக்குக்குத் தகும், வேலைக்கூலியை முதலில் கேளுங்கள். கீறலை மறைக்க முழுக் கதவுக்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். புதுப் பெயின்ட் என்றாலே விபத்து என்று நினைப்பார்கள், கீறலுக்குக் கழிப்பதைவிட அதிகம் கழிப்பார்கள். எஞ்சினைக் கழுவிப் பளபளப்பாக்கிக் கொண்டுபோனாலும் எண்ணெய்க் கசிவை மறைக்கிறார்கள் என்றே பேச்சு வரும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம்; டயரின் பூ (மேலுள்ள வெட்டுக்கோடுகள்) தேயாமல் இருந்தாலும் பழைய டயருக்கு அவர்கள் விலை போடுவதில்லை.

விலையில் இரண்டு விலை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வண்டியை வாங்க வருகிறவர் கையில் காசோடு வந்தால் ஒரு விலை, லீஸ் போட்டு வாங்கினால் இன்னொரு விலை. புது லீஸைப் பிடித்துக் கொடுத்தால் சேல்காரருக்கு லீசிங் கம்பனியிடமிருந்து கொமிஷன். அதனால்தான் ரொக்கமாகக் கேட்கும் ஆளைவிட லீஸ் கேட்கும் ஆளுக்கு அங்கே மரியாதை அதிகம். உங்களுக்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். அவர் என்ன விலைக்கு விற்கிறார் என்று நோட்டம் பார்ப்பதில் பயனில்லை.

காகிதத்தில்தான் கார் சேல்களின் மதிப்பெண் சரிகிறது. இரண்டு பழக்கங்கள் மோசம். ஒன்று, லீஸ் இருக்கும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு, 'மீதித் தவணையை நாங்கள் கட்டுகிறோம்' என்பது. ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அவர் இரண்டு தவணை விட்டால் கிரிப்பில் விழுவது உங்கள் பெயர், பிணைகாரர் வீட்டுக்கு வருவது கம்பனி ஆள், வண்டியோ மாத்தளையிலோ மொனராகலையிலோ யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார். லீஸோடு விற்கத்தான் வேண்டும் என்றால் லீசிங் கம்பனிக்குள் வைத்தே முடியுங்கள்: வாங்குகிறவர் காசு நேராகக் கம்பனிக்குப் போய் செட்டில் ஆகட்டும், மிச்சம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். அல்லது கம்பனி எழுத்தில் சம்மதித்து புதியவரோடு புது ஒப்பந்தம் போடட்டும். நல்ல சேல்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. மறுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மற்றது ஓப்பன் பேப்பர். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற கைமாற்றப் படிவங்களில் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார்கள். சேல்காரர் தன் பெயருக்கு மாற்றுவதில்லை. அடுத்த ஆள் கிடைக்கும்போது எழுதிக்கொள்வார். அதுவரை விபத்தோ வழக்கோ வந்தால் பொலிஸ் தேடுவது பதிவில் உள்ளவரை. வாங்குகிறவரின் பெயர் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சேலில் கொமிஷனுக்கு நிறுத்துவதானால் சாவியோடு ஒரு கையளிப்புத் தாள் எழுதி வாங்குங்கள்: திகதி, நேரம், மீற்றர் வாசிப்பு, சேசிஸ் இலக்கம், பொறுப்பேற்பவரின் பெயர், அடையாள அட்டைப் பிரதி, யார் ஓட்டிக் காட்டலாம், பெட்ரோல் யார் செலவு. ஒரு பக்கம் போதும். முகம் சுளிப்பார்கள், எழுதிக் கொடுப்பார்கள்.

புரோக்கர் தேவையா என்றால், சி.ஆர். சுத்தமாகி, படிவங்கள் நிரப்பி, வரிசையில் நிற்க மட்டும் ஆள் வேண்டும் என்றால் கொடுக்கும் கூலிக்குத் தகும். மூலச் சி.ஆரையும் வெறும் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அவர் நினைத்தால் வண்டியையே விற்கலாம்.

கிளை இழுத்தடித்தால் முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், தொலைபேசி இலக்கம் 1935. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டப்படி லீசிங் தொழில் செய்ய மத்திய வங்கியில் பதிவு வேண்டும் என்பதால், அங்கிருந்து வரும் கடிதத்துக்குக் கம்பனிகள் அசைகின்றன. முறைப்பாட்டில் முத்திரை குத்திய அந்தப் பிரதியை இணைக்க மறக்காதீர்கள்.

வண்டியை விற்காமல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: இன்சூரன்ஸ். பொலிசியில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கும். சி.ஆரின் பிரதியோடு போய் அதை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால், கினிகத்தேனை வளைவில் வண்டி முற்றாக நொறுங்கும் நாளில் இழப்பீட்டுக் காசோலை கணக்கு முடிந்துபோன கம்பனியின் பெயருக்கு எழுதப்படும். அதை மாற்றி எடுக்க மறுபடியும் ஒரு கடிதம், மறுபடியும் ஹெட் ஒஃபிஸ்.