கட்டமா, பட்டையா: சிறு குழந்தைக்கு ஏற்ற நாட்காட்டி எது?

பள்ளிப் படிப்பைத் தொடங்காத எங்கள் குழந்தைக்கு நாள், வாரம், மாதம் ஆகியவற்றைப் புரியவைக்க இரண்டு வழிகளை யோசித்தோம். ஒன்று, வழக்கமான மாதக் காலண்டர். மற்றது, ஆண்டின் எல்லா நாள்களையும் ஒரே வரிசையில் எழுதிய நீளமான காகிதப் பட்டை. மாண்டிசோரி வகுப்பறைகளில் இத்தகைய பட்டைகளைப் பார்க்கலாம். நாங்கள் பட்டையையே தேர்ந்தெடுத்தோம்.

காலண்டர் ஆயத்தமாகக் கிடைக்கும், சுவரில் ஓர் ஓரம் போதும். பட்டையை நாமே செய்ய வேண்டும். நாளுக்கு 2 செ.மீ. ஒதுக்கினாலே ஆண்டுக்கு 7.3 மீட்டர் ஆகிவிடும் என்பதால், மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி நீட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. கிழமைப் பெயர்களை மனப்பாடம் செய்விப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

என்னைப் பட்டையின் பக்கம் சாய்த்தது தூரம்தான். மாதக் காலண்டரில் இன்றைய கட்டத்துக்கு வலப்பக்கம் நாளை இருக்கிறது. நேர் கீழே, அதே அளவு நெருக்கத்தில், அடுத்த வாரத்தின் இதே கிழமை இருக்கிறது. ஒரு நாளும் ஏழு நாளும் கண்ணுக்கு ஒரே தொலைவாகத் தெரியும்போது, 'நேற்று' என்ற சொல்லால் கடந்துபோன எல்லா நாள்களையும் குறிக்கும் வயதுக் குழந்தை எதை வைத்துக் கணிக்கும்? வரிசையின் வலக்கோடியில் சனி முடிந்து, மறுநாளான ஞாயிறு இடக்கோடியில் ஒரு படி கீழே தொடங்குவதும் வாசித்துப் பழகிய நமக்குத்தான் இயல்பு. மாத முடிவில் குழப்பம் இன்னும் கூடுகிறது: 2026 ஏப்ரல் 30 வியாழக்கிழமை, மே 1 வெள்ளிக்கிழமை, ஒரே வாரத்தின் அடுத்தடுத்த இந்த இரு நாள்களும் காலண்டரில் வெவ்வேறு தாள்களுக்குப் போய்விடுகின்றன. (அதே ஆண்டின் பிப்ரவரி ஞாயிறன்று தொடங்கிச் சனியன்று முடிவதால் நான்கே வரிசைகளில் கச்சிதமாக அடங்குகிறது; அப்படி வாய்ப்பது அரிது.) பட்டையிலோ மாதத்துக்கு மாதம் நிறம் மாறினாலும் வாரம் அறுவதில்லை, பத்து நாள் என்பது ஐந்து நாளைப் போல இரு மடங்கு நீளமாகவே தெரிகிறது. பயணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று குழந்தை விரல் வைத்து எண்ணிக்கொள்ளும்.

பட்டையின் பராமரிப்பு என்பது 'இன்று' எது என்று காட்டும் கிளிப்பை நாள்தோறும் நகர்த்துவது மட்டுமே. சில நாள்கள் விட்டுப்போனாலும், விடுபட்ட கிழமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நகர்த்துவது கூடுதல் பயிற்சியாக அமைகிறது.

ஒரே கிழமை மீண்டும் மீண்டும் வருவதைக் காட்டுவதில் காலண்டரை மிஞ்ச முடியாது. வியாழக்கிழமைகள் எல்லாம் ஒரே நெடுவரிசையில் நிற்கின்றன, தேதியுடன் ஏழைக் கூட்டினால் அடுத்த வியாழன் வந்துவிடுகிறது. கூட்டல் அறிந்த பிள்ளைக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். அந்த வயதுப் பிள்ளைகளுடன் எனக்கு அனுபவம் குறைவு. இப்போதைக்குப் பட்டைக்கு மேலேயே நடப்பு மாதத் தாளையும் மாட்டியிருக்கிறோம், ஆனால் குழந்தை அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.