ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க: அரசுப் பள்ளிக்கு என்ன உடுப்பு, உரையாடல் பள்ளிக்கு என்ன உடுப்பு?

ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாசல்கள். ஒன்று, அரசுப் பள்ளியில் துணை ஆசிரியர் வேலை. இதை அங்கே ஏ.எல்.டி. என்பார்கள். வெளிநாட்டினரைப் பள்ளிகளுக்கு அழைக்க 1987இல் தொடங்கிய அரசின் ஜெட் திட்டம் வழியாகவோ, கல்வி வாரியத்தின் நேரடி நியமனத்திலோ, ஆள் அனுப்பும் நிறுவனம் மூலமாகவோ இது கிடைக்கும். மற்றொன்று, எய்கைவா எனப்படும் தனியார் உரையாடல் பள்ளி. சம்பளத்தையும் வேலை நேரத்தையும் துருவித் துருவிக் கேட்கிறவர்கள் உடுப்பைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் எந்த வாசல் என்பதைப் பொறுத்துப் பெட்டியில் எதை வைப்பது என்பதே மாறிவிடுகிறது.

எய்கைவாவில் குழப்பம் குறைவு. விதி பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கும்: சூட் அல்லது கோட்டு, ஆண்களுக்கு டை, மூடிய ஷூ. வெயில் காலத்தில் பல இடங்களில் டைக்கும் கோட்டுக்கும் விலக்கு உண்டு. படிக்க வருகிறவர் காசு கொடுக்கும் வாடிக்கையாளர். அலுவலகம் முடிந்து அவரே சூட்டோடு வருவார். ஆசிரியர் அவருக்கு எதிரே, ஒரு கை தூரத்தில், சின்ன மேஜையில் உட்கார்கிறார். அந்தத் தூரத்தில் சட்டைக் காலரின் அழுக்கு, நகம், சிகரெட் வாடை எல்லாம் தெரியும். கதவு மூடிய அறையில் சென்ட் வாசனைகூடப் புகாராகும். குழந்தைகள் வகுப்பு என்றால் பெரும்பாலும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். அங்கே இறுக்கமான பாவாடையும் ஓட்டை சாக்ஸும் உதவாது.

அரசுப் பள்ளியில் பெரும்பாலான விதிகளை யாரும் எழுதி வைப்பதில்லை. அன்றாட உடுப்பு தளர்வானது, விசேஷ நாள் உடுப்போ எய்கைவாவைவிடக் கண்டிப்பானது.

முதலில் காலணி. நம் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுகிறோம், ஆனால் ஜப்பானியப் பள்ளிக்குள் வெறுங்காலோடு நடப்பதில்லை. தெருவில் போட்டு வந்த ஷூவைக் கேதாபாகோ என்ற அடுக்கில் வைத்துவிட்டு, உவாபாகி எனும் உள்ஷூவை மாட்ட வேண்டும். தெரு மண்ணே படாத புது ஜோடியாக அது இருக்க வேண்டும். பல பள்ளிகளில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு இன்னொரு ஜோடி. கழிப்பறைக்கு அங்கேயே தனிச் செருப்பு. விருந்தினருக்கான செருப்பை வைத்தே சமாளிக்கலாம் என்று நினைப்பது தவறு. படியில் வழுக்கும், பிள்ளைகளோடு ஓட முடியாது, பெரிய பாதமென்றால் குதிகால் வெளியே தொங்கும். தரையில் கறை விடாத ரப்பர் அடி, நாடா இல்லாத ரகம் நல்லது. சாதாரணக் கடைகளில் ஆண்கள் ஷூ 28 சென்டிமீட்டருக்கு மேல் எளிதில் கிடைக்காது. அதற்கும் பெரிய காலுள்ளவர்கள் ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும்.

தொடக்கப் பள்ளியில் போலோ சட்டை, பருத்திப் பேன்ட் போதும், டிராக் சூட்டோடு நடமாடும் வகுப்பாசிரியர்களும் நிறைய. பாட்டு, ஓட்டம், பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து துணியால் தரை துடைக்கும் சோஜி நேரம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்: கரும்பலகையின் மேல் விளிம்பில் எழுதுவதுபோல் கையைத் தூக்குங்கள், பிறகு குந்தி உட்கார்ந்து சாக்பீஸ் ஒன்றை எடுங்கள். இடுப்போ முதுகோ மார்போ தெரிந்தால் அந்த உடை வேண்டாம். இடுப்புத் தாழ்ந்த பேன்ட் தோற்பது இந்தச் சோதனையில்தான். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் காலர் வைத்த சட்டை, கார்டிகன் என்று அலுவலகத்தை நெருங்கும்.

வெயிலுக்கு எங்கும் ‘கூல் பிஸ்’ கைகொடுக்கிறது. அறை வெப்பம் 28 டிகிரி என்ற இலக்கோடு, டையும் கோட்டும் இல்லாமல் வேலை செய்ய 2005இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் தொடங்கிய இயக்கம் அது.

மார்ச் மாதப் பட்டமளிப்பு விழாவுக்கும் ஏப்ரல் சேர்க்கை விழாவுக்கும் கறுப்பு அல்லது அடர்நிற சூட், வெள்ளைச் சட்டை. ஆண்கள் பல பள்ளிகளில் வெள்ளை டை கட்டுவார்கள். கறுப்பு டை மட்டும் கூடவே கூடாது, அது சாவு வீட்டுக்கு உரியது. விழா நடக்கும் கூடம் மார்ச்சிலும் குளிரும். சூட்டுக்குள் வெப்ப உள்ளாடை போட்டு, அதன்மேல் கைரோ என்ற வெப்பம் தரும் பொட்டலத்தை ஒட்டிக்கொள்ளலாம். நேரடியாகத் தோலில் ஒட்டினால் மெல்லச் சுட்டுப் புண்ணாகும்.

பச்சை குத்தியிருந்தால் இரண்டு இடத்திலும் மறைக்கத்தான் வேண்டும், பச்சை குத்திக்கொள்ளும் யாகுசா குற்றக் கும்பல்களின் நினைவு இன்னும் போகவில்லை. அரசுப் பள்ளியில் நீச்சல் வகுப்பும் உண்டு. வியர்வையிலும் நீரிலும் பச்சையை மறைக்கும் ஒட்டுப்பட்டை உரிந்துவிடும், முழுக்கை நீச்சல் சட்டையே நம்பகமானது. மூக்குத்தி, ஆண்களின் கடுக்கன், சாயமிட்ட முடி ஆகியவற்றில் பள்ளிக்குப் பள்ளி நிலைமை மாறும். மாணவருக்கு மறுத்ததை ஆசிரியர் அணிந்து வந்தால் அதிகாரிகளுக்குச் சங்கடம். டோக்கியோ பெருநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகள் மாணவர் முடியைக் கறுப்பாக்கச் சொல்லும் விதியை 2022 ஏப்ரலில்தான் கைவிட்டன. மூக்குத்தியைக் கழற்ற விரும்பாதவர்கள் நேர்காணலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டை பிடிக்காதவருக்குத் தொடக்கப் பள்ளி, ஊகித்துக்கொண்டே இருக்கப் பிடிக்காதவருக்கு எய்கைவா என்பேன். நிறுவனம் மூலம் அரசுப் பள்ளிக்குப் போகிறவருக்கு இன்னொரு சிக்கல். ஒப்பந்தம் கியோமு இதாகு, அதாவது வேலையை நிறுவனத்திடமே ஒப்படைக்கும் வகையென்றால், பள்ளி அவருக்கு நேரடியாக உத்தரவிடச் சட்டம் இடம் தராது. உடுப்பில் குறையென்றால் பள்ளியிலிருந்து கல்வி வாரியம், அங்கிருந்து நிறுவனம், பிறகே ஆசிரியர் காதுக்கு வரும். அதற்குள் அது எழுத்துப்பூர்வப் புகாராகியிருக்கும். அதனால் முதல் நாள் எங்கும் சூட்டிலேயே போங்கள். மற்ற ஆசிரியர்கள் காலையில் என்ன போட்டு வருகிறார்கள், முதல் பாடவேளைக்கு என்ன மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். கூடத்துக்குத் தனி ஷூ உண்டா, விழாவுக்கு டை என்ன நிறம், கோடையில் டை எந்தத் தேதியிலிருந்து வேண்டாம் என்ற மூன்றையும் நிறுவன ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.