ரெஸ்டிஃப்ரா மாத்திரை: கொழுப்புக் கல்லீரலுக்கு எவ்வளவு உதவும்?

தைராய்டு ஹார்மோன் கல்லீரல் செல்லில் பீட்டா என்ற அணுக்கரு ஏற்பியோடு (ஹார்மோனின் கட்டளையை வாங்கும் புரதம்) இணைந்து, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. கொழுப்பு மண்டிய கல்லீரலில் இந்த வேலை மந்தமாகிவிடும். அதை மீண்டும் தூண்டுவதே ரெஸ்மெடிரோம் என்ற மருந்து. விற்பனைப் பெயர் ரெஸ்டிஃப்ரா. இதயத்தில் மிகுந்துள்ள ஆல்பா ஏற்பியை அவ்வளவாகத் தொடாது என்பதுதான் இதன் பெரிய பலம். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்தது.

ஸ்கேனில் "கொழுப்பு இருக்கிறது" என்று வந்த எல்லாருக்கும் இது இல்லை. அழற்சியோடு எஃப்2, எஃப்3 நிலைத் தழும்பு (மிதமானது முதல் முற்றியது வரை, ஆனால் சிரோசிஸ் அல்லாதது) உள்ளவர்களுக்கு மட்டும். சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை, முற்றியவர்கள் தவிர்க்க வேண்டும். 966 பேர் பங்கேற்ற மேஸ்ட்ரோ-நாஷ் ஆய்வில், 52 வாரத்தில் 100 மி.கி. எடுத்தவர்களில் 29.9 சதவீதத்தினருக்கு அழற்சி தணிந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9.7. தழும்பு ஒரு நிலையாவது குறைந்தவர்கள் 25.9 சதவீதம், வெற்று மாத்திரை அணியில் 14.2. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் பெரும்பாலோருக்கு ஓராண்டில் இந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எடை 100 கிலோவுக்குக் கீழ் என்றால் தினம் 80 மி.கி., அதற்கு மேல் 100 மி.கி.; சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடலாம். தொடக்க வாரங்களில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். முதல் நான்கு வாரத்தில் இரத்தத்தில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதிகள் சற்று ஏறி, எட்டாம் வாரவாக்கில் பழைய அளவுக்குத் திரும்புவதுண்டு. அதைப் பார்த்துப் பதறி மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். வலது விலாவுக்குக் கீழ் கடும் வலி வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள், பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.

மற்ற மருந்துகளோடு சேரும்போது கவனம் தேவை. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் கூடவே கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் எடுப்பவருக்கு ரெஸ்மெடிரோம் அளவைக் குறைக்க வேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரைகளில் ரோசுவாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் நாளுக்கு 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது, அடார்வாஸ்டாடின் 40.

எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் இந்த மாத்திரையால் இறங்குகிறது. இதே நோய்க்கு முயன்று பார்க்கப்பட்ட, எஃப்எக்ஸ்ஆர் என்ற வேறோர் ஏற்பியைத் தூண்டும் ஒபெடிகோலிக் அமிலம் அதை ஏற்றியதோடு அரிப்பும் கொடுத்ததை நினைத்தால் இது பெரிய ஆறுதல். உடல் எடை மட்டும் குறையாது. சர்க்கரை பானங்கள் தொடர்ந்தால், இன்சுலினும், கொழுப்புத் தயாரிப்பை முடுக்கும் எல்எக்ஸ்ஆர் ஏற்பியும் சேர்ந்து புதுக் கொழுப்பு உற்பத்தியை ஓயவிடாது; ஒரு பக்கம் எரிய, மறுபக்கம் சேர்ந்துகொண்டே இருக்கும். அனுமதியிலேயே உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் உடன் வேண்டும் என்றிருப்பது இதனால்தான்.

அறிமுக விலை ஆண்டுக்கு 47,400 டாலர். காப்பீடு இல்லாமல் தொடங்குவதை ஆதரிக்க முடியாது.