ட்ரேடா (வேறு அணியோடு வீரரை மாற்றிக்கொள்வது), சைனிங்கா (ஒப்பந்தம் முடிந்த வீரரை நேரடியாக எடுப்பது)? NBA கூடைப்பந்தில் பட்டத்துக்கு ஒரு படி கீழே நிற்கும் அணிக்கு எது?

2024 கோடையில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் இரண்டையும் செய்தது, 2025ல் பட்டமும் வென்றது.

செலவு
ட்ரேட்: ஜோஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூசோ. டிராஃப்ட் பிக் (புது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஒன்றுகூட போகவில்லை, அருமையான பேரம்!
சைனிங்: ஐசையா ஹார்டன்ஸ்டைனுக்கு 3 ஆண்டுக்கு 8.7 கோடி டாலர், ஆனால் பதிலுக்கு யாரையும் அனுப்ப வேண்டியதில்லை.

எளிமை
பெரிய சைனிங்குக்குச் சம்பள வரம்பில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்பு) இடம் வேண்டும், பெரும்பாலான முன்னணி அணிகளிடம் அது இருக்காது, அதனால் ட்ரேடுக்குத்தான் போவார்கள். அதே கோடையில் நியூயார்க் நிக்ஸ் மிகல் பிரிட்ஜஸுக்காக 5 முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்தது, என் கணக்கில் அது ரொம்ப அதிகம்.

சரி, சம்பளத்தில் இடமிருந்தால் முதலில் சைனிங். இடமில்லை, ஆனால் அணிக்குப் பொருந்தாத இளம் திறமை கையில் இருக்கிறதென்றால் ட்ரேட்.